குளம் கிண்டக் காலநிலை நிதி கிடைக்குமா? யாரிடம், எப்போது, எதைக் காட்டிக் கேட்பது?

குளக்கட்டு — 2025 மார்ச் 23, ஞாயிறு காலை

வலிகாமத்தில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர் நான். ஊர்ப் பெயரை இப்போதைக்கு விடுவோம். எங்கள் வயலோடு ஒட்டி இரண்டு ஏக்கர் அளவில் ஒரு குளம் இருக்கிறது. சின்னக் குளம்தான், ஆனால் அதைச் சுற்றியுள்ள தோட்டக் கிணறுகள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. கடந்த கார்த்திகை மழைக்கு வெள்ளம் குளத்துக்குள் போகாமல் றோட்டைக் கடந்து வீடுகளுக்குள் போனது. வரத்து வாய்க்காலில் பாதி மதில்களுக்குள் போய்விட்டது, மீதியில் குப்பை. மாசி பிறந்தபோது குளத்தில் மாடு குடிக்கவும் தண்ணீர் இல்லை. வெள்ள நிவாரணப் படிவமும் நிரப்பினோம், தண்ணீர் பவுசருக்கும் கேட்டோம். நாலு மாத இடைவெளியில் இரண்டும்.

குளத்தைக் கிண்ட வேண்டும், வாய்க்காலைத் திருத்த வேண்டும். அமைப்பின் வங்கிக் கணக்கில் இருப்பது மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரத்துக்கு இரண்டு நாள் டீசல் அடிக்கத்தான் காணும். காலநிலை மாற்றத்துக்கென்று கோடிக்கணக்கில் நிதி இருப்பதாகப் பத்திரிகையில் வருகிறது. போன வருடம் பாகு நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஆண்டுக்கு 300 பில்லியன் டொலர் என்று முடிவெடுத்தார்களாம். அதில் ஒரு துளியாவது எங்கள் ஊர்க் குளத்துக்கு வர வழி உண்டா? விண்ணப்பம் எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_டிஓ — அதே நாள்

தம்பி, காசுக் கதைக்கு முதல் ஒரு கேள்வி. குளம் யாருடைய பதிவில் இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் ஒரு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் இருக்கும், அடுத்தது பிரதேச சபையின் கீழ், இன்னொன்று கோயிலுக்குச் சொந்தம், வேறொன்றுக்கு உரிமை சொல்ல ஆளே இருக்காது. எந்த நிதியாக இருந்தாலும் முதலில் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான். கமநல சேவை நிலையத்தில் குளப் பதிவேட்டைப் பாருங்கள். பிறகு பிரதேச செயலகக் காணிப் பகுதியில் கிராமப் படத்தைக் கேளுங்கள். வாய்க்காலுக்கு எல்லை கீறியிருக்கிறதா என்று அதில் தெரியும். மதில் கட்டினவர் "இது எங்கட உறுதிக் காணி" என்றுதான் சொல்லுவார். படம் கையில் இருந்தால் கதை வேறு.

அடுத்தது நாள்காட்டி. வேலையில் இருந்த காலம் முழுக்க இதைச் சொல்லி அலுத்துப்போனேன். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. எங்கள் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. ஒதுக்கீட்டுக் கடிதம் சித்திரை, வைகாசியில் வரும். எஸ்டிமேற், அனுமதி, ரெண்டர் எல்லாம் முடிய ஆவணியாகும். கொந்தராத்துக்காரர் பெக்கோ இறக்கும்போது புரட்டாதி கடைசி. இரண்டு கிழமை வேலை நடக்கும், மழை பிடிக்கும், பெக்கோ சேற்றில் புதையும். டிசம்பர் 31க்கு முன் பில் போடாவிட்டால் காசு திரும்பிவிடும் என்பதால் எல்லோரும் அவதிப்பட்டு எதையாவது கட்டி, படம் எடுத்து, கோப்பை மூடுவார்கள். குளம் கிண்டும் காலம் ஆனி முதல் ஆவணி வரை. அந்த மூன்று மாதத்தில் காசு கையில் இருந்ததை நான் அரிதாகத்தான் கண்டேன்.

இந்த வருடம் இன்னும் பிந்தியிருக்கிறது. பட்ஜெட் பெப்ரவரி 17இல்தான் வாசித்தார்கள், முந்தநாள் 21ஆம் திகதிதான் நிறைவேறியது. முதல் நாலு மாதத்துக்கு இடைக்காலக் கணக்கில்தான் நாடு ஓடுகிறது. ஆகவே 2025ஐ ஆயத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஆனியில் பெக்கோ இறங்கினால் அது கெட்டித்தனம்.


ஸ்காபரோ_வடலி — அதே நாள் இரவு

டிஓ ஐயா சொல்வதைக் கேட்கவே களைக்கிறது. ஒரு குளத்துக்கு ஒன்றரை வருடமா? இங்கே கனடாவில் எங்கள் ஊர் ஒன்றியம் ஒரு இராப்போசன விருந்து வைத்தால் போதும், காசு சேரும். பெக்கோவைப் பிடித்து இந்த ஆனியிலேயே கிண்டலாம். அரசாங்கத்தையும் ஐ.நா.வையும் ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? அண்ணை, கணக்கு இலக்கத்தைத் தனிமடலில் போடுங்கள்.


செம்மண் — மார்ச் 24

வடலி, கோபிக்க வேண்டாம். வெளிநாட்டுக் காசில் திருத்திய குளம் ஒன்று எங்கள் பக்கத்து ஊரிலும் இருக்கிறது. சுற்றிவரக் கொங்கிறீற்றுக் கட்டு, நடைபாதை, வாங்கு, சோலர் லைட், கொடையாளர் பெயர் பொறித்த கறுப்புக் கல். வரத்து வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் கட்டுக்குள்ளால் ஆறு அங்குல பிவிசி குழாய் ஒன்றை விட்டிருக்கிறார்கள். அதுவும் வாய்க்கால் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். தண்ணீர் முழங்காலளவு நின்றால்தான் குளத்துக்குள் ஏறும். அதற்குள் அது பக்கத்து வளவுகளுக்குள் போய்விடுகிறது. பின்னேரங்களில் சனம் நடக்கிறது, கல்யாண வீட்டுக்காரர் படம் எடுக்கிறார்கள். வடிவான குளம், நான் இல்லையென்று சொல்லவில்லை. கீழே இருக்கிற வெங்காயக்காரனுக்கு அதில் ஒரு சொட்டுப் பிரயோசனம் இல்லை.


ஸ்காபரோ_வடலி — மார்ச் 24

அது காசு கொடுத்தவர்களின் பிழையா, கட்டினவர்களின் பிழையா?


செம்மண் — மார்ச் 24

நடைபாதை எத்தனை அடி என்று கேட்டார்கள், தண்ணீர் எங்கால் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய பிழை என்று நீங்களே சொல்லுங்கள்.


நிலத்தடி — மார்ச் 24

நான் நிலத்தடி நீர் படிக்கிற ஆள். "கிண்டுவது" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், எவ்வளவு ஆழத்துக்கு என்று ஒருவரும் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் அதுதான் முக்கியம்.

குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று நாலு தனித்தனி நீர்ப்படுகைகள். மழைநீர் கல்வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கிற கடல்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது உவரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பழைய கணக்கு. கல்லில் குகையும் வெடிப்பும் இருப்பதால் நேரில் அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உவர் பல மடங்கு ஏறும். கடல் மட்டம் உயர்வது கீழேயிருந்து தள்ளுகிறது, இரண்டு நாளில் கொட்டிவிட்டு ஓடுகிற மழை மேலேயிருந்து நிரப்பாமல் விடுகிறது. காலநிலை மாற்றம் எங்கள் ஊரில் வேலை செய்வது இப்படித்தான்.

குளத்துக்கு வருவோம். சில குளங்களின் அடியில் களிப்படை இருக்கும். அது தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அதை வெட்டி எறிந்தால் தண்ணீர் ஒரு கிழமையில் கல்லுக்குள் இறங்கிவிடும். கிணறுகளுக்கு நல்லது, மாடுகளுக்கும் வயலுக்கும் கூடாது. எது வேண்டும் என்பதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும், பெக்கோக்காரர் அல்ல. கரையோரக் குளமாக இருந்து இன்னும் இரண்டடி வெட்டினால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை, அடியிலிருந்து உவர் வரும். ஒரு துளை போட்டுப் பார்க்காமல் ஆழப்படுத்தக் கூடாது.


பழைய_டிஓ — மார்ச் 24

நிலத்தடி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் கணக்கையும் சேர்க்கிறேன். இரண்டு ஏக்கரில் நாலு அடி எடுத்தால் 3,485 கியூப் மண் (ஒரு கியூப் நூறு கன அடி). மூன்று கியூப் பிடிக்கும் டிப்பர் என்றால் 1,160 லோட்டுக்கு மேல். எங்கே கொட்டுவது? முந்திய காலத்தில் வண்டலை வண்டிலில் ஏற்றி வயலுக்குப் போட்டார்கள், குளமும் துப்புரவானது, வயலும் உரப்பட்டது. இப்போது மண்ணை ஏற்றி றோட்டில் இறங்கினாலே புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் ஏற்றினால் பொலிஸ் டிப்பரை மறிக்கும், ஊர் முழுக்க "செயலாளர் மண் விற்கிறார்" என்று கதை வரும். தம்பிக்கு இந்தத் தலையிடி வேண்டாம்.


கோப்புக்காரன் — மார்ச் 25

திட்ட அலுவலகங்களில் கன காலம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், நிதிப் பக்கத்தை நான் சொல்கிறேன். குளக்கட்டு அண்ணை கேட்டதும் அதைத்தானே.

பெரிய நிதி என்றால் பசுமைக் காலநிலை நிதியம். தலைமையகம் தென்கொரியாவில். ஒரு கமக்காரர் அமைப்பு அதற்கு நேரே விண்ணப்பிக்க முடியாது. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் போன்ற அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனம் கொண்டுபோக வேண்டும், கொழும்பில் சுற்றாடல் அமைச்சு ஆட்சேபனை இல்லையென்று கடிதம் கொடுக்க வேண்டும். அவர்களின் அளவுகோலில் "மிகச் சிறிய" திட்டம் என்பதே ஒரு கோடி டொலர் வரை. எங்கள் குளம் அவர்களின் பூதக்கண்ணாடிக்கும் தெரியாது.

இலங்கைக்கு அந்த நிதி வந்திருக்கிறது. 2016இல் 38 மில்லியன் டொலர் அளவில் அனுமதி கிடைத்தது, கிராமக் குளங்களைத் தொடராகத் திருத்துவதற்குத்தான். எங்கே? மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா ஆற்றுப்படுகைகளில். அடுத்தது நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம். இதில் இனக் கணக்குப் பார்த்துச் சண்டை பிடிக்க வேண்டாம், நான் சொல்ல வருவது வேறு. இந்தத் திட்டங்களின் அலகு ஆற்றுப்படுகை. மேலே ஒரு குளம், அது நிரம்பி வழியும் தண்ணீர் கீழே அடுத்த குளத்துக்கு என்ற வரிசை. யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே? மழைக்கு மட்டும் ஓடி அராலியில் கடலில் விழுகிற வழுக்கையாற்றை விட்டால் ஒன்றுமில்லை. ஆறு இல்லாத நிலத்தை ஆற்றுப்படுகைப் படிவத்தில் எந்தப் பெட்டியில் எழுதுவது? நிலத்தடி சொன்ன நாலு நீர்ப்படுகையையும் அலகாக வைத்து ஒரு திட்டத்தை எங்கள் ஆட்களே எழுதிக் கொண்டுபோனால் ஒழிய, அந்தப் பக்கத்துக் காசு ஆனையிறவைத் தாண்டாது. அதைச் செய்ய வேண்டியது மாகாணம். மாகாண சபைக்கோ 2018 ஐப்பசியோடு ஆயுள் முடிந்தது, இன்னும் தேர்தல் இல்லை.

ஊர் அமைப்பு நேரே தட்டக்கூடிய கதவு உலகச் சுற்றாடல் வசதியின் சிறு நன்கொடைத் திட்டம். ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் நடத்துகிறது, 1992இல் தொடங்கியது. கன காலமாக ஒரு திட்டத்துக்கு 50,000 டொலர்தான் உச்சம். இன்றைய விலைக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கிட்ட வரும். இது நன்கொடை, கடன் இல்லை. ஊர்ப் பங்களிப்பைச் சிரமதானமாகவும் காட்டலாம். ஆனால் அவர்கள் முதலில் கேட்பது, "இதில் காலநிலை எங்கே இருக்கிறது?" தூர்ந்த குளத்தைத் தூர்வாருவது வழமையான பராமரிப்பு, அதைச் செய்ய வேண்டியது உங்கள் திணைக்களம் என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். கிணறு எவ்வளவு உவராகிறது, வெள்ளம் எந்த வருடம் எதுவரை வந்தது என்று எழுதின கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு எந்த ஊரிலும் இல்லை. எல்லோருக்கும் ஞாபகத்தில் இருக்கிறது, கொப்பியில் இல்லை.

என் அனுபவத்தில் ஊர்களுக்குக் காசு கிடைக்காததற்கு முதல் காரணம் காசு இல்லாதது அல்ல. காசு கேட்பதற்கு முன் அளந்து, கீறி, எஸ்டிமேற் போட்டுத் தர ஆள் இல்லை. அந்த வேலைக்கு ஒரு நிதியும் சம்பளம் கொடுப்பதில்லை. திட்டம் அனுமதிக்கப்பட்ட பிறகு ஆலோசகருக்கு இலட்சக்கணக்கில் கொடுப்பார்கள், அதற்கு முன்னால் ஒரு சதமும் இல்லை. பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரே றோட்டு, சந்தை, கட்டட அனுமதி எல்லாம் பார்க்கிறார். அவரைக் குளத்துக்குக் கூப்பிட்டால் பாவம், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கவும் யோசிப்பார்.


ஓடக்கரை — மார்ச் 25

இரண்டு ஏக்கர் குளத்துக்கு இவ்வளவு கதையா? நாலு அடி மண் எடுத்தால் எவ்வளவு தண்ணீர் கூடும்? 98 இலட்சம் லீற்றர் அளவில் வரும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் போன வருடம் ஓகஸ்ட் 2ஆம் திகதி திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். உங்கள் குளத்துத் தண்ணீரை அது பத்து மணித்தியாலத்தில் தந்துவிடும்.

யாழ்ப்பாணத்துக்கு வேண்டியது பெரிய திட்டம். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் கீறிய திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவருவது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவரைத் தடுப்பது. அது மட்டும் நிறைவேறியிருந்தால் இன்றைக்கு இந்த இழையே இருக்காது.


நிலத்தடி — மார்ச் 25

ஓடக்கரை அண்ணை, கணக்குச் சரி, ஒப்பீடு சரியில்லை. குளம் ஒரு முறை நிரம்பி நிற்கிற தொட்டி அல்ல. மாரி முழுக்க நிரம்பும், இறங்கும், திரும்ப நிரம்பும். தாளையடித் தண்ணீர் குழாயில் வீட்டுக்கு வரும். அதைக் குடிக்கலாம், வெங்காயத்துக்கு இறைக்க முடியாது. கடல்நீரை வடிக்க ஒரு கன மீற்றருக்குப் பொதுவாக மூன்று, நாலு யூனிற் மின்சாரம் வேண்டும். முழு வீச்சில் ஓடினால் நாளுக்கு 70,000 யூனிற்றுக்கு மேல். அதைவிட, குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதென்று ஊர்க் கிணறுகளைக் கைவிட்டால், பசளையிலும் மலக்குழிகளிலும் இருந்து இறங்குகிற நைத்திரேற்றைப் பற்றிக் கவலைப்பட ஒருவரும் இருக்கமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பக்கக் கிணறுகள் பலவற்றில் அது எப்போதோ தாண்டிவிட்டது.


கோப்புக்காரன் — மார்ச் 25

பெரிய திட்டத்தின் வேகத்தையும் பார்ப்போமே. யாழ்ப்பாணம், கிளிநொச்சி குடிநீர்த் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் கொடுத்தது. முதல் யோசனை இரணைமடுக் குளத்துத் தண்ணீர். கிளிநொச்சிக் கமக்காரர் எங்கள் வயலுக்கே காணாது என்றார்கள், அதில் நியாயமும் இருந்தது. பிறகு தாளையடி. குழாய் திறக்க 2024 ஆகிவிட்டது. டிஓ ஐயாவின் ஒன்றரை வருடத்தை நினைத்து வடலி களைத்துப்போனார்! பதினாலு வருடத்தில் வட்டியும் ஓடுகிறது. 2022 சித்திரையில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு இது. காலநிலைக்கென்று வருகிற காசு நன்கொடையா கடனா என்று கேட்க வெட்கப்படத் தேவையில்லை.


ஓடக்கரை — மார்ச் 25

சரி, இரண்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஆறுமுகத்தாரை விடமாட்டேன்.


தீவகத்தாள் — மார்ச் 26

வலிகாமத்து ஆட்கள் குளத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள், எங்களுக்குக் குளம் உவர்த்துப்போய்க் கன காலம். புங்குடுதீவில் கோடையில் பவுசர் வரும் நாளைப் பார்த்துத்தான் உடுப்புத் தோய்ப்பது. கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்டின வீடுகள் பரவாயில்லை.

தொழில்நுட்ப உதவி என்று வந்த ஒன்றைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கரையைக் காக்கக் கண்டல் (அலையாத்தி மரம்) நடுகிறோம் என்று ஒரு அமைப்பு வந்தது. மாதர் சங்கத்தைக் கூப்பிட்டார்கள், தொப்பியும் ரீசேட்டும் தந்தார்கள், ஒரு பின்னேரத்தில் நட்டு முடித்தோம். நட்ட இடம் நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கிற சேறு. அங்கே கண்டல் தானாக முளைத்ததில்லை, வள்ளம் இழுக்கிற ஒரு வயோதிபர் "இதில் நிற்காது பிள்ளையள்" என்று அப்போதே சொன்னார். தைக்குள் ஒன்றும் இல்லை. சுனாமிக்குப் பிறகு நாட்டில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. ஒன்பது இடத்தில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு மூன்றில் மட்டும். அந்த ஆய்வை எங்களிடம் வந்தவர்கள் வாசித்திருக்கலாம், அல்லது அந்த ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டுக்கும் காசு செலவில்லை.

பெரிய காசும் எங்கள் கடலில் அலைகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்சாரம் என்று 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு ரெண்டர் போனது. இந்தியா பக்கத்தில் சீனனா என்றது. கடைசியில் 2022இல் இந்தியாவே 11 மில்லியன் டொலர் நன்கொடையாகத் தருகிறதென்று கையெழுத்தானது. எங்களுக்கு யார் தந்தாலும் சந்தோசம். ஆனால் தீவுக்கு லைட் வருவதற்கு டெல்லியும் பீஜிங்கும் முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.


நெறியாளர் — மார்ச் 26

சீனா, இந்தியா என்று வந்த ஏழு பதில்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். குளத்தோடு நில்லுங்கள்.


பழைய_டிஓ — மார்ச் 26

குளக்கட்டுத் தம்பி, ஒருவரையும் காத்திராமல் இந்தக் கிழமையே செய்யக்கூடியது ஒன்று. கடையில் முப்பது அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள், மேசன்மார் மட்டம் பார்க்கிறது. காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு நுனியாகப் பிடித்து, வாய்க்கால் வழியே இருபது இருபது அடியாக அளந்துகொண்டு போங்கள். ஒவ்வொரு இடத்திலும் தரை எவ்வளவு கீழே என்று கொப்பியில் எழுதுங்கள். குழாய் நுனியை விரலால் பொத்தி நடவுங்கள், தண்ணீர் சிந்தினால் கணக்குக் குழம்பும். துல்லியம் அரை அங்குலம் முன்பின் இருக்கலாம், அது காணும். தண்ணீர் ஏன் குளத்துக்குள் போகவில்லை என்று பெக்கோவுக்கு முன் அந்தக் குழாய் சொல்லும்.


நிலத்தடி — மார்ச் 26

அதோடு குளத்தைச் சுற்றிய பத்துக் கிணற்றில் மாதம் ஒருமுறை உவர் அளவு எடுங்கள். தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கிற கையடக்க ஈசி (EC) மீற்றர் ஒன்று போதும். தண்ணீரில் உப்புக் கூடினால் எண் ஏறும். கடல்நீர் 50,000 அளவில் காட்டும், நல்ல கிணறு ஆயிரத்துக்குக் கீழே. ஆடியிலும் மார்கழியிலும் எடுத்த இரண்டு வாசிப்பை அருகருகே வைத்தால், கோப்புக்காரர் கேட்கிற காலநிலைக் கணக்குத் தொடங்கிவிடும். என்னிடம் ஒரு மீற்றர் இருக்கிறது, இரவல் தரலாம்.


குளக்கட்டு — ஏப்ரல் 6, ஞாயிறு

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

குளம் கமநலப் பதிவேட்டில் இருக்கிறது, நல்ல காலம். கிராமப் படத்தில் வாய்க்காலுக்கு முக்கால் தூரம் எல்லை கீறியிருக்கிறது. மிச்சக் கால் தூரம் தனியார் காணிக்குள்ளால் போகிறது. எல்லைக்குள் மதில் கட்டியிருக்கிற இருவரில் ஒருவர் எங்கள் பொருளாளரின் மச்சான். அதை நாங்களே கதைத்துத் தீர்க்க வேண்டும், அதற்கு ஐ.நா. நிதி தேவையில்லை.

குழாய் மட்டம்தான் பெரிய கதை. பெடியளோடு சேர்ந்து றோட்டு மதகிலிருந்து குளம் வரை அளந்தோம். மதகின் அடித்தளம் மேல்பக்க வாய்க்கால் தரையை விட ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. றோட்டைக் காப்பற் போட்டு உயர்த்தியபோது மதகையும் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மேலேயிருந்து வருகிற வெள்ளம் அந்த ஒன்றரை அடியில் முட்டித் திரும்பி வீடுகளுக்குள் போகிறது, குளம் மறுபக்கத்தில் காய்ந்து கிடக்கிறது. குளத்தை நாலு அடி கிண்டியிருந்தாலும் இதே கதைதான். குளத்துக்குள் வண்டல் நாங்கள் நினைத்த அளவு இல்லை. கம்பி குத்திப் பார்த்தோம், நடுவில் ஒரு அடி, ஒன்றேகால் அடி, அதற்குக் கீழே இறுகின களி. களியைத் தொடுவதில்லை என்று கூட்டத்தில் முடிவு.

இப்போது கேள்வி மாறிவிட்டது. மதகைப் பதித்துக் கட்ட வேண்டும், வாய்க்காலுக்கு இரண்டு இடத்தில் குப்பை மறிக்கிற வலை வேண்டும், வண்டல் ஓர் அடி எடுக்க வேண்டும். காசு முன்பு நினைத்ததில் காலுக்குக் காலும் வராது என்று நினைக்கிறேன். யாரிடம் போக?


பழைய_டிஓ — ஏப்ரல் 6

முதலில் அந்த வீதி யாருடையது என்று பாருங்கள். பிரதேச சபை வீதி என்றால் சபைச் செயலாளருக்குக் கடிதம். மாகாண வீதி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். 2023 மார்ச்சோடு சபைகள் கலைந்து செயலாளர்தான் எல்லாம் பார்க்கிறார், மே 6ஆம் திகதி தேர்தல். இன்னும் ஒரு மாதத்துக்கு வேட்பாளர்கள் உங்கள் படலையைத் தட்டுவார்கள். வாக்குறுதி கேட்க வேண்டாம், மட்டக் கணக்கின் பிரதியைக் கையில் கொடுங்கள். வெல்கிறவர் சபையின் 2026 வரவுசெலவுக்கு மதகைப் போட வேண்டும். சபை அதை வருடக் கடைசியில்தான் தயாரிக்கும், அதற்கு முன் எஸ்டிமேற் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.


கோப்புக்காரன் — ஏப்ரல் 6

மதகை அரசாங்கத்திடம் கேளுங்கள், அது அவர்கள் கட்டியது, அவர்கள்தான் திருத்த வேண்டும். நன்கொடைத் திட்டத்துக்கு அதை எழுத வேண்டாம். நன்கொடைக்குக் கிணறுகளின் உவர்க் கணக்கு, கூரைத் தண்ணீரைக் கிணற்றடியில் இறக்கும் குழிகள், வாய்க்காலுக்கு வண்டல் பொறி, இவற்றை ஒரு பொதியாக எழுதலாம். ஒரு மாரிக் கணக்கு கையில் வந்த பிறகு எழுதினால் உறுதியாக நிற்கும். நான் ஆங்கிலத்தில் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.


ஸ்காபரோ_வடலி — ஏப்ரல் 6

நாங்கள் என்ன செய்வது என்று சொல்லுங்கள். விருந்து மண்டபம் எடுத்தாயிற்று.


செம்மண் — ஏப்ரல் 7

வடலி, இரண்டு காரியம் செய்யலாம். அனுமதி பெற்ற சேர்வேயரைப் பிடித்து வாய்க்கால் எல்லைக்குக் கல் போட்டு, பொறியியலாளர் ஒருவரிடம் மதகுக்குக் கீறின படமும் எஸ்டிமேற்றும் வாங்கித் தாருங்கள். அதற்குத்தான் ஒருவரும் காசு தருவதில்லை. மற்றது, ஐந்து வருடத்துக்கு ஒவ்வொரு புரட்டாதியும் வாய்க்கால் துப்புரவாக்கக் கூலி. கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், கூட்டித் தருகிறவர்கள் இல்லை. கறுப்புக் கல்லில் பெயர் போட இடம் இருக்காது, அது பரவாயில்லையா?


ஸ்காபரோ_வடலி — ஏப்ரல் 7

கல் வேண்டாம். ஆனால் படமாவது எடுத்து அனுப்புங்கள், இங்கே கணக்குக் காட்ட வேண்டும். எங்கட ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.


தீவகத்தாள் — ஏப்ரல் 7

குளக்கட்டு அண்ணை, அந்த மட்டம் பார்த்த கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து இங்கே போடுவீர்களா? எங்கள் பக்கம் பழைய கேணி ஒன்று இருக்கிறது, அதற்கும் அப்படி எழுதிப் பார்க்கலாம் என்று மாதர் சங்கத்தில் கேட்கிறார்கள்.


பழைய_டிஓ — ஏப்ரல் 7

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் வருகிறேன். சரியான மட்டக்கருவி ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். பெடியள் நாலு பேர், ஒரு கத்தி, முளை அடிக்க இருபது தடி, ஒரு சுண்ணாம்புப் பை. பொருளாளரும் வரட்டும், மச்சானையும் கூட்டிக்கொண்டு.